சூரியப் புயலுக்கும் தாங்குமாம் இந்த பிளக் பெட்டி

போன ஐப்பசிக்கு முன்னால், திருகோணமலை டவுனில் ஒரு மின்சாமான் கடையில் ஆறு பிளக் குத்துகிற சர்ஜ் புரொடெக்டர் (வோல்டேஜ் திடீரென்று எகிறினால் சாமான்களைக் காக்கிற பெட்டி) ஒன்று வாங்கினேன், 4,800 ரூபாய். பக்கத்திலேயே அதைப்போல இன்னொன்று 3,200க்கு இருந்தது. என்ன வித்தியாசம் என்று கேட்டால் கடைத் தம்பி, "அக்கா, இது சூரியப் புயலுக்கும் தாங்கும்" என்கிறார், பெட்டியிலும் மஞ்சள் சூரியன் போட்ட ஸ்டிக்கர். 2024 மே மாதம் சூரியப் புயலால் லடாக்கில் வானம் சிவந்த படங்களைப் பார்த்த பயம் உள்ளே கிடந்தது போல, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நானே காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாமான் மோசமில்லை. சதுரப் பின் இறுக்கமாக நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். ஒருநாள் பின்னேர மின்னலில் பக்கத்து வீட்டு ரவுட்டர் போய்விட்டது, எங்களுடையது தப்பியது. இதுதான் காப்பாற்றியது என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

ஆனால் அந்த ஸ்டிக்கர் சுத்தப் பொய். சூரியப் புயல், அதாவது சூரியன் வீசியடிக்கிற மின்னேற்றத் துகள்கள், பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும், மாறுகிற காந்தப்புலம் மின்னைத் தூண்டும், பரடே விதிதான். பெரிய புயலில் நிலத்தில் கிலோமீற்றருக்கு ஒரு சில வோல்ட் வரும். ஒரு வோல்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 1,000 கிலோமீற்றர் மின்கம்பிக்கு 1,000 வோல்ட், என் வீட்டு 20 மீற்றர் வயருக்கு 0.02 வோல்ட். 230 வோல்ட் ஓடுகிற வயரில் அது கொசு. இந்தப் பெட்டிக்குள் இருக்கிற, மிகை வோல்டேஜைத் திருப்பிவிடுகிற வேரிஸ்டர் என்ற பாகம் சில நூறு வோல்ட் திடீரென்று பாய்ந்தால்தான் விழிக்கும், சூரியப் புயல் மின்னோட்டமோ நிமிடக் கணக்கில் மெதுவாக ஏறி இறங்குவது.

அந்த மின்னோட்டம் உண்மையில் அடிக்கிற இடம் பெரிய டிரான்ஸ்ஃபோமர். நீண்ட லைனின் இரண்டு முனையிலும் டிரான்ஸ்ஃபோமரின் நியூட்ரல் நிலத்தில் எர்த் செய்யப்பட்டிருக்கும், அந்த வழியாகக் கிட்டத்தட்ட நேர்மின்னோட்டம் போல உள்ளே ஏறி நடுவில் இருக்கிற இரும்பு அகணியை, மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில், இனிக் காந்தம் ஏற்க முடியாதபடி நிரம்பலாக்கிவிடும். டிரான்ஸ்ஃபோமர் சூடாகும், உறுமும், ஹார்மோனிக் அலைகளை (வழமையான மின்னலையின் மடங்கு அதிர்வெண்ணில் வருகிற வேண்டாத அலைகளை) கக்கும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் வோல்டேஜைப் பிடித்து வைத்திருந்த கருவிகள் இந்த அலைகளால் ட்ரிப் ஆகி (தாமாகவே நின்றுபோய்), ஏறத்தாழ 90 செக்கனில் முழு வலையமைப்பும் விழுந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. அங்கே நிலத்தடி முழுக்கப் பழைய கடும்பாறை, மின்னைச் சரியாகக் கடத்தாது, அதனால் ஓட்டம் கம்பியைத் தேடிப் போனது. பிறகு அவர்கள் லைன்களிலேயே தொடர் மின்தேக்கிகளை (கப்பாசிட்டர்களை) போட்டார்கள், நேர்மின்னோட்டம் அதற்குள்ளால் போகாது. தடுப்பு வேலையெல்லாம் அந்தப் பக்கம்தான், உப்புவெளி வீட்டில் என் டிவிக்குப் பின்னால் இல்லை.

இதையெல்லாம் கடையில் போய்ச் சொன்னேன். "கொம்பனி ஒட்டினது அக்கா, நாங்க என்ன செய்ய" என்றார் தம்பி. மாற்றித் தரவும் இல்லை, அந்த 1,600 ரூபாய் போனது போனதுதான்.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம், அதுவும் மின்னலுக்காக மட்டும். வாங்குவதென்றால் 3,200 ரூபாய்ப் பெட்டியை வாங்குங்கள், அதற்கும் முதல் மிகை மின்னை நிலத்துக்குள் இறக்குகிற வீட்டு எர்த் கம்பியின் தடையை வயர்மனைக் கொண்டு அளந்து பாருங்கள். எங்கள் பக்க மணல் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் பிடிப்பதில்லை. எங்கள் வீட்டுக் கம்பியைச் சுற்றி உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அளவு சரியாக வந்தது.