டாலர் ஸ்ட்ரீட்: அடுப்பிலிருந்து தொடங்கிய பாடம்

ஆப்பிரிக்கா என்றால் மெலிந்த குழந்தை, ஐரோப்பா என்றால் பளபளக்கும் வீடு. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மனதில் இருந்த உலகம் இதுதான். இதை மாற்ற நான் வகுப்பில் காட்டியவற்றில் உண்மையிலேயே பலன் தந்தது டாலர் ஸ்ட்ரீட் என்ற இலவச இணையதளம்.

ஸ்வீடனின் கேப்மைண்டர் அமைப்பு நடத்துகிறது. அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான அன்னா ரோஸ்லிங் ரொன்லுண்டின் யோசனை, 2016இல் வெளிவந்தது. உலகத்து வீடுகளெல்லாம் ஒரே தெருவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடது கோடியில் மிகக் குறைந்த வருமானம், வலது கோடியில் மிக அதிகம். கதவு எண்ணுக்குப் பதிலாக டாலரில் மாத வருமானம். அடுப்பு, படுக்கை, செருப்பு, விளையாட்டுச் சாமான் என்று எதைக் கேட்டாலும் வீடு வீடாகப் படம் வரும். பிள்ளைகள் உடனே டாலரை ரூபாயால் பெருக்கப் பார்ப்பார்கள். அது நாட்டுக்கு நாடு உள்ள விலைவாசி வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துப் போட்ட தொகை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் அடுப்பைத் திறந்தேன். மூன்று கல் கூட்டிய அடுப்பைப் பார்த்ததும், "டீச்சர், எங்க ஆயா வீட்டு அடுப்பு!" என்று ஒரு குரல். பிறகு தெருவின் நடுப்பகுதியிலிருந்து கேஸ் அடுப்புகளை எடுத்து, நாட்டின் பெயரை மறைத்துக் கேட்டேன். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. "காசு ஒரே மாதிரி இருந்தா அடுப்பும் ஒரே மாதிரிதான் இருக்கு டீச்சர்" என்றாள் கடைசி பெஞ்சு மாணவி. நான் ஒரு பீரியட் முழுக்கப் பேசியிருந்தாலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. முதல் முறை, "உங்க வீடு இந்தத் தெருவில் எங்கே வரும்?" என்று கேட்டுவிட்டேன். ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இப்போது பாட்டி சமைத்த அடுப்பையும் அம்மா சமைக்கும் அடுப்பையும் வரையச் சொல்கிறேன். விறகு பொறுக்கப் போனது யார், புகை யார் கண்ணில் ஏறியது என்று பேச்சு தானாக வளர்கிறது. கழிப்பறைப் படங்களை முதல் நாளே திறக்காதீர்கள்; வீட்டில் அந்த வசதி இல்லாத பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம்.

படங்கள் வித்தியாசத்தைக் காட்டும். அது ஏன் வந்தது என்பதை ஆசிரியர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் ஒரு நாடாகிவிடாது என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இணையம் சரியாக வராத பள்ளி என்றால் முதல் நாள் இரவே படங்களைச் சேமித்துக்கொள்ளலாம். டாலர் ஸ்ட்ரீட்டிலிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டு அச்சிட்டும் பயன்படுத்தலாம். நான் 12 படங்களைக் கலர் பிரிண்ட் போட்டுக் குழுவுக்கு மூன்றாகக் கொடுத்தேன். ஒரு பீரியட் போதாது, இரண்டு ஒதுக்குங்கள்.

அடுத்த வாரம் பல் துலக்கும் பொருட்கள். தெருவின் இடது கோடியில் குச்சியும் விரலும்கூட உண்டு. வேப்பங்குச்சி கொண்டுவருவதாக இரண்டு பேர் இப்போதே சொல்லிவிட்டார்கள்.