கிருஷ்ணகிரி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: மூன்றாவது ஞாயிறுக்காகவே போகலாம்

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் நடக்கிற வகுப்பு. குறையும் சொல்லப் போவதால் பேர் வேண்டாம். ஆறு ஞாயிறு, 1,800 ரூபாய்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். வேலை ஓசூரில், மேனேஜர் பெங்களூர்க்காரர், தமிழ் தெரியாது. போன வருஷம் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அன்றைக்கு என் அக்கா பையனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடி இல்லாமல் எப்படி? நம்ம ஊரில் யார் முகத்துக்கு நேராக 'வர முடியாது' என்கிறோம், 'வரப் பார்க்கிறேன்' என்போம், கூப்பிட்டவருக்கும் புரிந்துவிடும். அதையே 'ஐ வில் ட்ரை சார்' என்று அனுப்பிவிட்டேன். மனுஷன் நம்பி, எனக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லிவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு 'வேர் ஆர் யூ?' என்று போன் செய்கிறார்.

மூன்றாவது ஞாயிறு இதைத்தான் எடுத்தார்கள். முதலில் கூப்பிட்டதற்கு நன்றி, அப்புறம் வர முடியாது என்பதை மழுப்பாமல், காரணம் ஒரே வரி, கடைசியில் வாழ்த்து. 'தேங்க்ஸ் ஃபார் இன்வைட்டிங் மீ. அன்ஃபார்ச்சுனேட்லி ஐ வோன்ட் பி ஏபிள் டு மேக் இட், வி ஹேவ் எ ஃபேமிலி ஃபங்ஷன் தட் டே.' இவ்வளவுதான், இதற்கா ஒரு வருஷம் மேனேஜர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டேன்! இன்னும் நடக்காத விழாவுக்கு 'ஐ குடின்ட் கம்' என்று எழுதக் கூடாதாம், அது முடிந்துபோன விழாவுக்கு. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் கம்' என்று போர்டில் எழுதியதும் பின்னால் இருந்த ஒரு அண்ணன், "வர முடியாததுக்கு எதுக்கு சார் பயப்படணும்?" என்றார். அது பயம் இல்லை, 'தப்பா நினைக்காதீங்க' மாதிரி ஒரு பணிவு என்று சார் பொறுமையாக விளக்கினார். பத்திரிகையில் போடும் ஆர்.எஸ்.வி.பி. பிரெஞ்சு வார்த்தைகளின் சுருக்கம், 'தயவுசெய்து பதில் சொல்லுங்கள்' என்று அர்த்தம். பதில் வந்தால்தானே எத்தனை பேருக்குச் சமைப்பது என்று தெரியும்.

இனி குறை. ஜெராக்ஸ் நோட்ஸ் பாதி மங்கல். தெளிவாக இருந்த பக்கத்திலோ 'ப்ரையர் எங்கேஜ்மென்ட்'. ஏற்கெனவே ஒத்துக்கொண்ட வேலை இருக்கிறது என்று பொருள், தப்பில்லை. ஆனால் நம்ம பக்கம் எங்கேஜ்மென்ட் என்றால் நிச்சயதார்த்தம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆபீஸ் குரூப்பில் அதை அப்படியே போட்டேன், பக்கத்து சீட் தம்பி "வாழ்த்துகள் அண்ணா, பொண்ணு எந்த ஊரு?" என்கிறான். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். 'கமிட்மென்ட்' என்று போட்டுக்கொள்ளுங்கள்.

இலக்கண வகுப்புகள் சுமார். சேர்ந்தால் காலை பேட்ச் பாருங்கள், மேலே தகரக் கூரை, மதியம் உட்கார முடியாது.