எடைமேடைக்கு எந்தச் சாக்கெட்? சி, பெர்ல், ஜாவா, பைத்தான்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பிசான அறுவடை தொடங்கிவிட்டால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வட்டாரத்து அரிசி ஆலைகளின் எடைமேடைகளுக்கு ஓய்வே இருப்பதில்லை. அத்தகைய ஆலை ஒன்றில், எடைமேடை காட்டும் எடையைக் கணக்கறைக் கணினி தானே வாங்கி ரசீது போடும்படி ஒரு நிரல் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. எண்காட்டியிலிருந்து வரும் சீரியல் கம்பியை ஒரு மாற்றிப் பெட்டி வாங்கிக்கொண்டு, அதே எடையை நெட்வொர்க்கில் 4001ஆம் போர்ட்டில் (வாசல் எண்ணில்) தருகிறது. அந்தப் போர்ட்டுடன் டிசிபி (தரவை வரிசை குலையாமல் கொண்டுசேர்க்கும் நெட்வொர்க் முறை) இணைப்பு ஏற்படுத்தி, வரும் வரிகளைப் படித்தால் போதும். சாக்கெட்டை, அதாவது இணைப்பின் நம் பக்கத்து முனையை, ஓர் ஆப்ஜெக்ட்டாக (தரவும் அதற்கான செயல்களும் சேர்ந்த நிரல் பொருளாக)த் தரும் மொழிகளில் எது இதற்குப் பொருத்தம் என்பதைத் தீர்மானிக்க, ஒரே வேலையைப் பல மொழிகளில் எழுதிப் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 1983இல் 4.2 பிஎஸ்டி யுனிக்ஸுடன் வந்த சாக்கெட் அழைப்புகள்தாம். சி மொழியில் அவற்றை நேரடியாக அழைக்கலாம்; ஆனால் கையில் கிடைப்பது வெறும் ஓர் எண். முகவரிக் கட்டமைப்பை நாமே நிரப்ப வேண்டும், போர்ட் எண்ணின் பைட் வரிசையையும் (அதன் இரண்டு பைட்டுகளில் எது முன்னே என்பதை) நாமே மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால், வழக்கமான இன்டெல் கணினியில் 4001 என்று எழுதியது 41231ஆகப் போய்ச் சேரும்; இணைப்பு ஏன் மறுக்கப்படுகிறது என்று அரை நாள் தேட நேரிடும். மாற்றிப் பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதுவோருக்குச் சி தவிர்க்க முடியாதது. கணக்கறைக் கணினியில் அதற்கு வேலை இல்லை.

பெர்ல் மொழியின் ஐஓ::சாக்கெட்::ஐநெட் என்ற நிரல்தொகுப்பு இந்தத் தொல்லையை ஒரே வரியில் தீர்த்துவிடுகிறது. முகவரி, போர்ட், டிசிபியா, இணைப்பு ஏற்படுத்தாமலே அனுப்பும் யுடிபியா என்பது ஆகியவற்றைப் பெயரிட்ட மதிப்புகளாகக் கொடுத்தால் இணைந்த ஆப்ஜெக்ட் கிடைக்கும். அதிலிருந்து கோப்பைப் படிப்பதுபோலவே வரி வரியாகப் படிக்கலாம். இவ்வளவு சுருக்கமான எழுத்தை மற்ற மொழிகளில் நான் காணவில்லை. இணைப்பு கிடைக்காவிட்டால் அது பிழையை எழுப்பாமல் வெற்று மதிப்பைத் திருப்பித் தருவதால், அடுத்த வரியிலேயே சோதிக்கும் பழக்கம் வேண்டும். இது பழைய வகை நெட்வொர்க் முகவரிகளான ஐபிவி4 முகவரிகளை மட்டுமே அறியும். ஐபிவி4, புதிய ஐபிவி6 என்ற இரண்டு வகை முகவரிகளும் தேவைப்படுவோருக்கு, 2014இல் வந்த பெர்ல் 5.20 முதல் ஐஓ::சாக்கெட்::ஐபி மொழியோடு சேர்ந்தே வருகிறது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது, எதிர்முனை பேச்சற்றுப் போனால் ஆப்ஜெக்ட் என்ன செய்கிறது என்பதே. இடியும் மழையுமான நாளில் எடைமேடை அறையில் மட்டும் மின்சாரம் போகிறது. கணக்கறையில் யுபிஎஸ் இருப்பதால் கணினி ஓடுகிறது. மாற்றிப் பெட்டி விடைபெறும் செய்தி எதையும் அனுப்பாமலே அணைந்துவிட்டதால், கணினியைப் பொறுத்தவரை இணைப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. படிக்கக் காத்திருக்கும் நிரல் அப்படியே காத்துக் கிடக்கும். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் வசதியை இயக்கிவைத்தாலும், லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனைச் செய்தி போவதற்கே 7200 விநாடிகள், அதாவது இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை லாரிகள் வரிசையில் நிற்க முடியுமா?

பெர்லில் டைம்அவுட் (கால வரம்பு) என்று ஒரு மதிப்பைக் கொடுக்கலாம். பெயரைப் பார்த்து எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நானும் நம்பியிருந்தேன். இணைவதற்கும், சர்வராக இருந்தால் இணைப்பை ஏற்பதற்கும் மட்டுமே அது பொருந்துகிறது, படித்தலுக்குப் பொருந்துவதில்லை. சாக்கெட்டில் தரவு வந்திருக்கிறதா என்று பார்க்கும் ஐஓ::செலக்ட் கொண்டு காத்திருக்கலாம் என்றால், வரியாகப் படிக்கும்போது பெர்லின் இடையகத்துக்குள் (தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவிடத்துக்குள்) ஏற்கெனவே வந்துவிட்ட எழுத்துகள் அதன் கண்ணில் படாது.

ஜாவாவில் இணைதல், படித்தல் என்ற இந்த இரண்டு காத்திருப்புகளும் தனித்தனியே, வெளிப்படையாக இருக்கின்றன. முகவரியைக் கொடுத்து நேரே சாக்கெட்டை உருவாக்கினால் அது உடனே இணைய முயலும். பதில் இல்லையென்றால் லினக்ஸில் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும். ஆகவே வெற்று சாக்கெட்டை முதலில் உருவாக்கி, பின்பு கால வரம்போடு இணைப்பதே சரி. படித்தலுக்கான வரம்பைச் செட்எஸ்ஓடைம்அவுட் என்ற அழைப்பு மில்லி விநாடிகளில் கேட்கிறது. 5 என்று எழுதினால் ஐந்து மில்லி விநாடிதான். பல எடைமேடைகளை ஒரே சர்வரில் இணைக்கும் பெரிய வேலை என்றால், இந்தக் கறாரான போக்குக்காகவே நான் ஜாவாவை எடுப்பேன்.

பைத்தானின் கிரியேட்_கனெக்‌ஷன் என்ற அழைப்பு, இணையும்போது நான் கொடுத்த ஐந்து விநாடி வரம்பைச் சாக்கெட்டிலேயே விட்டுவைக்கிறது; பின்னர் வரும் ஒவ்வொரு படித்தலுக்கும் அதுவே பொருந்துகிறது. ஐபிவி6, ஐபிவி4 இரண்டையும் தானே முயன்று பார்க்கிறது. வித் தொகுதிக்குள் எழுதினால், பிழை நேர்ந்தாலும் சாக்கெட் மூடப்படும். ஒற்றை எடைமேடைக்கு இதையே தேர்ந்தேன்.

எந்த மொழியின் ஆப்ஜெக்டும் மறைக்க முடியாத ஒன்று உண்டு. டிசிபி தருவது பைட்டுகளின் ஓட்டம். செய்தியின் எல்லை அதற்குத் தெரியாது. 12340 கிலோ என்ற வரி ஒரு படித்தலில் 12 என்றும் அடுத்ததில் 340 என்றும் பிரிந்து வரலாம். வந்ததை வந்தபடி எடுத்துக்கொண்டால் அம்பை 16 நெல் ஏற்றிய லாரிக்குப் பன்னிரண்டு கிலோ என்று ரசீது அடிக்கும். பைத்தானில் சாக்கெட்டைக் கோப்பாக மாற்றி வரி வரியாகப் படிக்கலாம். ஆனால் கால வரம்பு மீறப்பட்டால் அதன் இடையகம் நிலைகுலையக்கூடும் என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது. ஆகவே சாக்கெட்டிலிருந்து நேரடியாகப் படிக்கும் ரெசிவ் அழைப்பு தருவதையெல்லாம் ஒரு பைட் தொடரில் சேர்த்துக்கொண்டே போய், வரிமுடிவுக் குறி வந்த பிறகே எடையை எடுக்கும்படி எழுதினேன். வெற்றுப் பைட் தொடர் வந்தால் எதிர்முனை முறையாக மூடிவிட்டது என்று பொருள். அதைச் சோதிக்காவிட்டால் நிரல் வீணாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆலையில் ஒப்படைத்த நாளில், மேடையில் லாரி நிற்கும்போதே மாற்றிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். ஐந்தாவது விநாடியில் திரையில் “எடைமேடை பதில் தரவில்லை” என்ற சிவப்பு வரி வந்தது. பிளக்கை மீண்டும் செருகியதும், பெட்டி விழித்துக்கொண்ட சிறிது நேரத்தில் எடை திரும்ப ஓடத் தொடங்கியது.