நிக்கல் ராடு என்று சொல்லி வாங்கிய பணம்

ரங்கூனில் வார்ப்பிரும்புச் சாமானை வெல்டிங்குக்குக் கொடுக்க இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

பர்மாவில் பெகு என்ற ஊர்ப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறிய அரிசி மில். மார்கழியில், புது நெல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் நேரத்தில், நெல் குத்தும் இயந்திரமான ஹல்லரின் வார்ப்பிரும்புக் கால் ஒன்று போல்ட்டுத் துளையிலிருந்து விரிசல் விட்டது. ரங்கூனில் ஒரு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் தமிழர். "நிக்கல் ராடு போட்டுத் தருகிறேன் தம்பி, இனி இந்த இடத்தில் உடையவே உடையாது" என்றார். ராடு என்றால் வெல்டிங்கில் உருக்கி ஓட்டும் கம்பி; நிக்கல் ராடு சாதாரண ராடைவிடப் பல மடங்கு விலை. நம்மவர்தானே என்று முழுப் பணத்தையும் முன்னதாகவே எண்ணிக் கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். வெல்டு உள்ளே இறங்க விரிசலைத் தீட்டிப் பள்ளமாக்கவில்லை. வருடக்கணக்காக எண்ணெய் ஊறிய இரும்பை ஒருமுறைகூடச் சூடாக்கவில்லை. ஒரே இழுப்பில் வெல்டு ஓட்டினார். உடனே கடைப் பையன் ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினான். கிணுக்கென்று ஒரு சத்தம். என்ன அது என்று கேட்டேன். "இரும்பு ஆறுகிறது" என்றார்.

மூன்றாம் நாளே பனி பட்டு வெல்டு முழுக்கச் செந்துரு. நிக்கல் அப்படித் துருப்பிடிக்காது. ஓரத்தில் அரம் போட்டுப் பார்த்தேன். கண்ணாடிமேல் போட்டதுபோல வழுக்கியது. ஐந்தாம் நாள், மில் ஓடிக்கொண்டிருக்கும்போது, வெல்டுக்கு ஒரு நூல் தள்ளிக் கால் முறிந்தது. ஹல்லர் சாய்ந்து பெல்ட் தெறித்தது. அந்த நிமிடம் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கிறது. சாதாரண ராடு உருகும்போது அந்தக் கார்பனை இழுத்துக்கொண்டு கடினமாகிவிடும். வேகமாக ஆறினால் வெல்டை ஒட்டிய இரும்பும் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆறும் வெல்டு சுருங்கி இழுக்கிறது. வார்ப்பிரும்புக்கு நீண்டு கொடுக்கத் தெரியாது, வெடிக்கிறது.

ஹல்லரின் முறிந்த காலை எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்குத் திரும்பிப் போனேன். தரையில் கிடந்த ராடுத் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பிடிக்கும் முனையருகே 6013 என்று அச்சிட்டிருந்தது. அது வாசல் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் போடும் சாதாரண ராடு. கேட்டதற்கு, "உங்கள் இரும்பு பழையது தம்பி" என்றார். பணம் திரும்பவில்லை. ராடைப் பெட்டியிலிருந்து உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள், அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். தண்ணீர் வாளி பக்கத்தில் இருந்தால் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிறகு பெகுவிலேயே ஒரு வயதான மேஸ்திரி செய்து கொடுத்தார். பழைய வெல்டை முழுதாகத் தீட்டி எடுத்தார். எண்ணெய் புகைந்து தீரும்வரை நெருப்பில் வாட்டினார். நிக்கல் ராடில் ஓர் அங்குலம் ஓட்டுவார், சூடாக இருக்கும்போதே சுத்தியலால் மெல்லத் தட்டுவார், பொறுத்திருப்பார், அடுத்த அங்குலம். ஒரு பகல் முழுக்க இதே வேலை. கடைசியில் எங்கள் மில்லின் உமிச் சாம்பலைக் கேட்டு வாங்கி அதற்குள் புதைத்தார். மறுநாள் காலையில் தோண்டி எடுத்தபோதும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அரத்தை வைத்தேன். இந்தமுறை வழுக்கவில்லை, பிடித்தது.