உள்ளங்கால் மரு: உறைய வைப்பதா, அமிலம் பூசிச் சீவுவதா?

என் இடது பாதத்தில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே உடல் எடையைத் தாங்கும் மேட்டில் தோன்றிய கடினமான வட்டத்தைக் கால் ஆணி என்றே நான்கு மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். நாளொன்றுக்கு ஐந்து பாடவேளை கரும்பலகை முன் நிற்பவருக்குக் கால் ஆணி வருவதில் வியப்பென்ன என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். மருந்துக்கடையிலும் கேட்டவுடன் கால் ஆணிப் பிளாஸ்திரியை எடுத்துக் கொடுத்தார்கள். ஒட்டினேன், மூன்று நாளில் வியர்வையில் நழுவியது, மீண்டும் ஒட்டினேன். வட்டம் ஊறி வெளுத்ததே தவிரச் சிறுக்கவில்லை. கடைசியில் தோல் மருத்துவர் ஒருவர் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, சிறு பிளேடால் மேல்தோலை மெல்லச் சீவி, "கசகசா தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரிகின்றன பாருங்கள், இது ஆணி அல்ல, மரு" என்றார்.

இரண்டையும் வேறுபடுத்த அவர் காட்டிய வழிகள் எளியவை. கால் ஆணியின் மேல் தோலின் ரேகைகள் தொடர்ந்து ஓடும். மருவின் விளிம்பில் அவை அறுந்து, சுற்றி விலகிப் போகும். ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால்தான் அதிகம் வலிக்கும். சீவும்போது ஆணியின் நடுவில் கண்ணாடி போன்ற கடினமான மையம் வெளிப்படும். மருவில் ஊசிமுனை அளவுக்கு இரத்தம் துளிர்க்கும். அந்தக் கரும்புள்ளிகளைப் பலரும் மருவின் வேர் என்றோ விதை என்றோ சொல்வதுண்டு. உண்மையில் அவை இரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள். மரு தோலின் மேலடுக்குக்குள்ளேயே வளர்வது, அதற்கு வேர் கிடையாது. ஆகவே வேரோடு பிடுங்கிவிட்டால் திரும்ப வராது என்ற பேச்சுக்கும் பொருள் இல்லை.

காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ். அதன் நூற்றுக்கு மேற்பட்ட வகைகளில் 1, 2, 4, 27, 57 ஆகியவையே பாதத்தில் பெரும்பாலும் காணப்படுகின்றன. விடுதிக் குளியலறையிலோ நீச்சல் குளத்தின் ஈரத் தரையிலோ வெறுங்காலுடன் நடக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக நுழைந்து, மேல்தோலின் அடிமட்ட உயிரணுக்களில் தங்கி, சில மாதங்கள் கழித்தே வெளியே தெரியும். அது இரத்தத்தில் கலப்பதில்லை. அழற்சியையும் பெரிதாக உண்டாக்குவதில்லை. அதனாலேயே உடலின் எதிர்ப்பாற்றல் பல மாதங்கள் அதைக் கவனிக்காமல் இருந்துவிடுகிறது. வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து இதற்கு இல்லை என்பதால், எல்லாச் சிகிச்சைகளும் இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோதான் செய்கின்றன: தொற்றுள்ள தோலை அகற்றுவது, அந்த இடத்தைச் சீண்டி எதிர்ப்பாற்றலை எழுப்புவது.

என் முன் வைக்கப்பட்ட முதன்மையான வழிகள் இரண்டு: திரவ நைட்ரஜனால் உறைய வைத்தல், சாலிசிலிக் அமிலம் பூசிச் சீவுதல். நான் இரண்டையும் பார்த்துவிட்டேன். இரண்டாவதன் பக்கம் சாய்ந்தே இதை எழுதுகிறேன்.

உறைய வைப்பதன் கவர்ச்சி எவருக்கும் புரியும். மைனஸ் 196 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவத்தை மருவின் மேல் சில விநாடிகள் பீய்ச்சுகிறார்கள், வெள்ளையாக ஒரு வளையம் படர்கிறது, வேலை முடிந்தது. நம் பங்குக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் உள்ளங்காலில் அந்தச் சில விநாடிகள் தரும் எரிச்சல் வீடு வந்த பிறகே முழு அளவை எட்டும். எனக்கு மறுநாள் காலையில் பட்டாணி அளவில் இரத்தம் கலந்த கொப்புளம் எழுந்தது. நான்கு நாட்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே பாடம் நடத்தினேன். இரண்டு வாரம் முதல் மூன்று வாரம் வரை இடைவெளி விட்டு மீண்டும் வரச் சொல்வது வழக்கம். ஒவ்வொரு முறையும் அரை நாள் விடுப்பு, வரிசையில் காத்திருத்தல், அதன் பின் நான்கு நாள் நொண்டல். இரண்டாம் முறைக்குப் பின் கொப்புளம் உலர்ந்து உதிர்ந்தபோது, அடியில் அதே கரும்புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இரண்டு முறையோடு நிறுத்தியவன் அந்தச் சிகிச்சையைக் குறை சொல்லலாமா என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. என் ஒரு காலை வைத்து முடிவு கட்ட முடியாது என்பதால், ஆய்வுகள் சொல்வதையும் பார்க்க வேண்டும். 2011ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், உள்ளங்கால் மரு உள்ள 240 பேரில் ஒரு பகுதியினருக்கு நான்கு முறை வரை திரவ நைட்ரஜன் கொடுத்தார்கள். மற்றவர்கள் 50 விழுக்காடு சாலிசிலிக் அமிலத்தை வீட்டிலேயே எட்டு வாரம் வரை நாள்தோறும் பூசிக்கொண்டார்கள். 12 வாரங்களில் முழுமையாகக் குணமானவர்கள் இரு தரப்பிலும் 14 விழுக்காடு மட்டுமே. ஆறு மாதங்களில், நோயாளிகளே சொன்ன கணக்கின்படி, உறைய வைத்தவர்களில் 34 விழுக்காட்டினருக்கும் அமிலம் பூசியவர்களில் 31 விழுக்காட்டினருக்கும் மரு மறைந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நெதர்லாந்தில் நடந்த ஆய்விலும் பாத மருவைப் பொறுத்தவரை இதே கதைதான்: 13 வாரங்களில் நைட்ரஜனுக்கு 30, அமிலத்துக்கு 33, ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களுக்கு 23 விழுக்காடு. கை முதலிய இடங்களில் வரும் சாதாரண மருக்களில் உறைய வைத்தல் 49க்கு 15 என்று அமிலத்தைத் தெளிவாக வென்றது; தடித்த தோலுள்ள பாதத்தில் அந்த வெற்றி கிட்டவில்லை.

இந்த எண்களைப் படித்தால் முதலில் சோர்வுதான் வரும். எனக்கு அவை வேறொன்றைச் சொல்லின. எது வலிமையானது என்ற கேள்விக்கு இங்கே விடை இல்லை என்றால், எதை நம்மால் நிறுத்தாமல் தொடர முடியும் என்பதே மிச்சமுள்ள கேள்வி. அந்த இடத்தில் நடக்க முடியாத நான்கு நாட்களைத் தராத சிகிச்சை முந்திவிடுகிறது.

ஆனால் அமிலத்தின் பக்கம் வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டே வர வேண்டும். மருந்தை வாங்குவதோடு வேலை முடிவதில்லை, வேலையே அப்போதுதான் தொடங்குகிறது. நான் நான்கு மாதம் ஒட்டிய கால் ஆணிப் பிளாஸ்திரியில் இருந்ததும் இதே சாலிசிலிக் அமிலம்தான், அதுவும் 40 விழுக்காடு. பின்னர் மருத்துவர் எழுதிக் கொடுத்த நகப்பூச்சு போன்ற திரவத்தில் இருந்தது ஏறத்தாழ 17 விழுக்காடு, உடன் லாக்டிக் அமிலம். வலிமை கூடிய மருந்து தோற்றது, குறைந்தது பலித்தது. வேறுபாடு எங்கே என்றால், பிளாஸ்திரிக் காலத்தில் நான் ஒரு முறைகூடத் தோலைச் சீவவில்லை. அமிலம் தோலின் கெரட்டின் என்னும் கடினப் புரத அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தளர்த்துகிறது. தளர்ந்ததை நாம் அகற்றாவிட்டால், அந்த வெள்ளைத் தோலே ஒரு மூடியாகி, அடுத்த நாள் பூசும் மருந்தைத் தடுத்துவிடும். மருந்து மேலே, மரு கீழே, நடுவில் செத்த தோல். இப்படியே நான்கு மாதம் போயிற்று.

நான் கடைப்பிடித்த முறை இது. இரவு உணவுக்குப் பின் கால் பொறுக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் பாதத்தை ஊற வைப்பேன். ஊறிய தோலை உப்புத்தாள் ஒட்டிய நெயில் ஃபைலால் தேய்ப்பேன். வெள்ளைப் பொடி உதிர உதிர, அடியில் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், இரத்தம் கசிந்தால் அன்று வரம்பு மீறிவிட்டோம் என்று பொருள். நன்றாகத் துடைத்து உலர்த்தி, மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலினை வளையமாகத் தடவி, நடுவில் ஒரு சொட்டு மருந்து வைத்து, அது வெள்ளைப் படலமாக உலரும் வரை காலை நீட்டி உட்கார்ந்திருந்துவிட்டு, மேலே பிளாஸ்திரி ஒட்டுவேன். அந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும். விளக்கருகே வைத்துக்கொண்டு பூசக் கூடாது. மருவைத் தேய்த்த ஃபைல் மருவுக்கு மட்டுமே. அதை நகத்துக்கோ குதிகாலுக்கோ பயன்படுத்தினாலும், வீட்டில் வேறொருவர் எடுத்தாலும் வைரஸ் இடம் மாறும். சவரப் பிளேடால் சீவும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. மருத்துவர் கையில் அது கருவி, நம் கையில் புண்ணுக்கு வழி.

இதில் கடினமானது வலி அல்ல, சலிப்பு. மூன்றாம் வாரத்தில் மரு முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மேலே இருந்த காய்ப்பு நீங்கியதால் உள்ளே ஒளிந்திருந்த அகலம் வெளிப்பட்டது என்பதை மறுமுறை மருத்துவரிடம் போனபோதுதான் அறிந்தேன். பலர் கைவிடுவது இந்த வாரத்தில்தான் என்றும் அவர் சொன்னார். ஐந்தாம் வாரம் தோல் சிவந்து எரிந்ததால் மூன்று நாள் மருந்தை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தேன். நாள்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் கோடு போட்டேன். விட்ட நாட்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்பதற்காக. "இன்று சீவியாயிற்றா?" என்று மனைவி கேட்கவில்லை என்றால் அந்தக் கோடுகளில் பாதி விழுந்திருக்காது. ஒன்பதாம் வாரத்தில் கரும்புள்ளிகள் மூன்றாகக் குறைந்தன. பதினோராம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில் பார்த்தபோது, பாதத்தின் ரேகைகள் அந்த இடத்தைக் குறுக்காகக் கடந்து போயிருந்தன. வலி நின்ற நாளை அல்ல, ரேகை திரும்பிய நாளையே முடிவாகக் கொள்ள வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால் மிச்சம் இருப்பது மீண்டும் வளரும். முன்னர் இரண்டு முறை உறைய வைத்ததும் இதில் உதவியிருக்கலாம் என்பதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

அமிலம் எல்லோருக்கும் ஆகாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும், பாதத்தில் உணர்ச்சியோ இரத்த ஓட்டமோ குறைந்தவர்களும் இதைத் தாங்களாகத் தொடவே கூடாது. எரிவது தெரியாமலே புண் ஆழமாகிவிடும், ஆறவும் ஆறாது. கால் ஆணிப் பிளாஸ்திரிக்கும் இது பொருந்தும். கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பதற்காக அப்பாவின் காலிலும் அம்மாவின் காலிலும் ஒட்டிவிடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு உறைய வைத்தலும் பாதுகாப்பான மாற்று அல்ல. மருத்துவரே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மின்சூட்டால் கரிக்கும் முறை ஒரே நாளில் முடியும். ஆனால் உள்ளங்காலில் போடும் மரப்பு ஊசியே கடும் வலி, அதைவிட, ஆறிய பின் விழும் தழும்பு உடல் எடை ஊன்றும் இடத்தில் அமைந்துவிட்டால் அது நிலையான வலியாகும். என் மைத்துனருக்கு மரு போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தழும்பின் மேல் இன்றும் மெத்தென்ற செருப்பில்லாமல் நிற்க மாட்டார். மருவுக்குள்ளேயே வைட்டமின் டி3 அல்லது எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா) தடுப்பூசி மருந்தைச் செலுத்தி எதிர்ப்பாற்றலைத் தூண்டும் முறை இப்போது நம் ஊர் தோல் மருத்துவர்களிடம் பரவிவருகிறது. ஓரிடத்தில் ஊசி போட, தொலைவில் உள்ள மருக்களும் சேர்ந்து மறைவதுண்டு என்பதால், பல மருக்கள் உள்ளவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். நான் போட்டுக்கொண்டதில்லை, ஆகவே அதற்கு மேல் பேச எனக்குத் தகுதி இல்லை. சாம்பல் நிற டக்ட் டேப்பை ஒட்டும் முறை 2002ஆம் ஆண்டு ஆய்வொன்றால் புகழ்பெற்றது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் அந்தப் புகழை உறுதி செய்யவில்லை. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைப்பது சிகிச்சை அல்ல, தீக்காயம். அம்மான் பச்சரிசிப் பாலை எங்கள் பாட்டி தடவுவார். கையில் உள்ள சிறு மருவோடு அது நின்றது, உள்ளங்காலின் தடித்த தோலில் நான் முயலவில்லை.

மரு உதிர வேண்டிக்கொண்டு கோயிலில் உப்பும் மிளகும் கொட்டும் வழக்கத்தை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். வேண்டிக்கொண்டவர் காலைக் கிள்ளாமல், கரிக்காமல், சும்மா விட்டுவிடுகிறார். குழந்தைகளுக்கு வரும் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைபவை. பெரியவர்களுக்கு அவ்வளவு எளிதில் மறைவதில்லை, நிற்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு பொறுப்பதும் இயலாது. மைத்துனரின் பத்து வயது மகனுக்குக் குதிகாலில் ஒன்று வந்திருக்கிறது. ஓடுகிறான், ஆடுகிறான், வலி என்று சொல்வதில்லை. தகப்பனார் தம் தழும்பை நினைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்டார். நான் மருந்துப் பெயரைச் சொல்லவில்லை, குளியலறைக்கும் செருப்பணிந்து போகச் சொல்லிவிட்டு, மாதம் ஒரு முறை ரேகையை மட்டும் பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன். ஏழு மாதமாகிறது, இன்னும் அப்படியே இருக்கிறது.