ஒரே ரிமோட்டில் இரண்டு முகவரியா, இரண்டு ரிமோட்டா?

சத்துவாச்சாரியில் உட்கார்ந்து ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் குழு ஒன்று. காட்பாடி விடுதியிலிருந்து திறமூலத் திட்டத்துக்குத் திருத்தம் அனுப்பும் மாணவர் ஒருவர். இருவரும் பயன்படுத்துவது, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருள். அதில் ரிமோட் என்பது சர்வரில் உள்ள களஞ்சியத்தின் முகவரிக்கு வைக்கும் பெயர். இருவருக்குமே ஃபெட்ச் (மாற்றங்களை எடுப்பது) ஓரிடம், புஷ் (மாற்றங்களை அனுப்புவது) வேறிடம் வேண்டும். ஆனால் இருவருக்கும் ஒரே மருந்து ஒத்துவராது.

குழுவிடம் இருப்பது ஒரே களஞ்சியம், அதாவது நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடம். போகிற வழிதான் இரண்டு. எச்டிடிபிஎஸ் வழியாக ஃபெட்ச், எஸ்எஸ்எச் வழியாக புஷ். «கிட் ரிமோட் செட்-யூஆர்எல் --புஷ் ஒரிஜின்» என்று அடித்து, பின்னால் எஸ்எஸ்எச் முகவரியைக் கொடுத்தால் போதும். ஒரிஜின் என்பது ரிமோட்டுக்கு வழக்கமாக வரும் பெயர். «கிட் ரிமோட் -வி» இரண்டையும் காட்டும். களஞ்சியங்கள் நிறைய இருந்தால் குளோபல் கான்ஃபிக்கில் (எல்லாக் களஞ்சியங்களுக்கும் பொதுவான அமைப்பில்) புஷ்இன்ஸ்டெட்ஆஃப் ஒரு வரி எழுதலாம்; புஷ் செய்யும்போது மட்டும் முகவரியின் முன்பகுதியை அது மாற்றிக்கொள்ளும். எந்த ரிமோட்டில் புஷ்யூஆர்எல் (புஷ் முகவரி) தனியாக இருக்கிறதோ, அங்கே மட்டும் இந்த வரி செல்லாது.

மாணவரும் இதையே செய்து, புஷ் முகவரியில் தன் ஃபோர்க்கை, அதாவது மூலத் திட்டத்திலிருந்து எடுத்த தன் சொந்த நகலை, போட்டால் வம்புதான். இரு முகவரியும் ஒரே களஞ்சியம் என்றே கிட் நம்புகிறது. சர்வரின் மெயின் கிளை எங்கே நிற்கிறது என்று கிட் இங்கே வைத்திருக்கும் குறிப்பு ஒரிஜின்/மெயின். புஷ் ஆனதும் அது அவருடைய கமிட்டுக்கு (பதிந்த மாற்றத்துக்கு) நகரும்; அடுத்த ஃபெட்சில் «ஃபோர்ஸ்டு அப்டேட்» என்று மூலத் திட்டத்தின் இடத்துக்கே திரும்பும். நடுவில் «கிட் ஸ்டேட்டஸ்» எல்லாம் சரி என்று பொய் சொல்லும். --ப்ரூன் (சர்வரில் இல்லாத கிளைகளின் தடத்தை நீக்கச் சொல்வது) போட்டு ஃபெட்ச் செய்தால், ஃபோர்க்கில் மட்டும் உள்ள கிளைகளின் தடமும் இங்கே அழியும். சர்வரில் நாம் அறியாத மாற்றம் இல்லாவிட்டால் மட்டும் மேலெழுதும் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் புஷ், தவறான கமிட்டோடு ஒப்பிட்டு «ஸ்டேல் இன்ஃபோ» என்று மறுக்கும். கிட்டின் கையேடே இப்படிச் செய்யாதே, இரண்டு ரிமோட் வை என்கிறது.

மூலத்துக்கு அப்ஸ்ட்ரீம், ஃபோர்க்குக்கு ஒரிஜின் என்று பெயர் வைத்து, «கிட் கான்ஃபிக் ரிமோட்.புஷ்டிஃபால்ட் ஒரிஜின்» கொடுங்கள். மெயின் கிளை அப்ஸ்ட்ரீமைப் பின்தொடரட்டும். பிறகு வெறும் «கிட் புல்» (எடுத்து இணைப்பது), வெறும் «கிட் புஷ்» தானாகவே சரியான இடத்துக்குப் போகும்.

ஒரே புஷ்ஷில் இரண்டு சர்வருக்கு அனுப்ப «கிட் ரிமோட் செட்-யூஆர்எல் --ஆட் --புஷ்» உண்டு. முதல் முறை அடித்ததுமே பழைய முகவரி புஷ் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்; அதையும் மறுபடி சேர்க்க வேண்டும். ஒரு சர்வர் விழுந்து மற்றது ஏற்றுக்கொண்டால் இரண்டும் வேறுபட்டு நிற்கும்.

ராணிப்பேட்டை தொழிற்சாலையில் அந்த பில்லிங் மென்பொருள் ஓடும் கணினியில் புஷ் முகவரியாக «நோ_புஷ்» என்று ஒப்புக்கு எழுதி வைப்பது நல்லது. கைதவறி அடித்த புஷ் அங்கேயே நின்றுவிடும். வேண்டுமென்றே தள்ள நினைப்பவரை அது தடுக்காது. அதற்கு சர்வரில் எழுதும் உரிமையை எடுக்க வேண்டும்.