தொங்கும் தாடியும் குவிந்த சோறும்: இரண்டு கியோனாந்தஸ் மரங்கள்

பனிப்பூ என்று பொருள்படும் கியோனாந்தஸ் பேரினத்தில் அழகுக்காக நடப்படுபவை பெரும்பாலும் இரண்டு இனங்களே. வர்ஜினிகஸ் கிழக்கு அமெரிக்காவில் நியூ ஜெர்சி முதல் புளோரிடா, டெக்சஸ் வரை இயல்பாக வளர்வது. ரெட்டூசஸ் சீனா, கொரியா, ஜப்பான், தைவான் நாடுகளுக்கு உரியது. இரண்டுமே மல்லிகைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. (மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இப்பேரினத்தின் பசுமைமாறா மரங்கள் உண்டு, அவற்றின் பூக்கள் இவ்வளவு பகட்டானவை அல்ல.)

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஊர்ப்பெயர்களே சொல்லிவிடுகின்றன. வர்ஜினிகஸை அமெரிக்கர்கள் 'கிழவன் தாடி' என்கிறார்கள்; சென்ற ஆண்டுக் கிளைகளிலிருந்து அரும்புவதால், அதன் பூங்கொத்துகள் அப்போதுதான் விரியும் இலைகளுக்கிடையே கீழ்நோக்கித் தொங்குகின்றன. ரெட்டூசஸைக் கொரியர்கள் 'இபாப்', அதாவது வெள்ளைச் சோற்று மரம் என்கிறார்கள்; புதுத் தளிர்களின் நுனியில் பூப்பதால், இலைகளுக்கு மேலே சோற்றைக் குவித்ததுபோல் மரம் முழுவதும் வெளுத்துவிடுகிறது. அது நிறையப் பூத்தால் அந்த ஆண்டு விளைச்சல் பெருகும் என்பது அங்குள்ள உழவர்களின் நம்பிக்கை.

கவாத்துக்கும் இதுவே அடிப்படை. ரெட்டூசஸைக் குளிர்கால இறுதியில் வெட்டலாம். வர்ஜினிகஸை அப்போது வெட்டினால் அந்த ஆண்டின் பூவையே வெட்டியவராவோம், ஆகவே பூத்து முடிந்தவுடன் வெட்ட வேண்டும்.

வர்ஜினிகஸில் ஆண், பெண் மரங்கள் பொதுவாகத் தனித்தனி. ஆண் மரத்தின் இதழ்கள் சற்று நீளமானவை என்பதால் பலர் அதையே விரும்புகிறார்கள். என் விருப்பம் பெண் மரம்தான்: அருகில் ஓர் ஆண் மரம் இருந்தால் கோடை முடிவில் கருநீலக் கனிகள் திரண்டு பறவைகளை அழைக்கும். விதைகளோ முளைக்கவே பெரும்பாலும் இரண்டாண்டுகள் எடுத்துக்கொள்பவை. விதைக் கன்று ஆணா பெண்ணா என்பதும் பூக்கும் வரை தெரியாது.

சிறு தோட்டத்துக்கு, பல தண்டுகளோடு நான்கைந்து மீட்டர் வளரும் வர்ஜினிகஸ் பொருத்தமானது; தெருவோரத்துக்கு, காட்டில் இருபது மீட்டர் வரையும் உயரக்கூடிய ரெட்டூசஸ் மேலானது. ஆனால் 2014-இல், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆஷ் என்னும் மரங்களை அழித்துவரும் பச்சை நிறத் துளைப்பான் வண்டு அமெரிக்க மாநிலமான ஒகாயோவில் வர்ஜினிகஸையும் தாக்கியிருப்பது கண்டறியப்பட்டது. ரெட்டூசஸ் அவ்வண்டை வெகுவாக எதிர்த்து நிற்கிறது. ஆஷ் மரங்கள் பட்டுக்கொண்டிருக்கும் ஊரில் ஒரே ஒரு மரம் நட இடமுள்ளவருக்கு, மனமின்றியே ரெட்டூசஸைப் பரிந்துரைப்பேன்.